கிராமப் பயிற்சி நேர விரயமா? அதே வீட்டுக்கு இரண்டாம் தடவை போய்ப் பாருங்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருப்பூர், கல்லூரி புதுச்சேரியில். குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போகிறார்கள். பிரஷர் பார்க்கிறோம், படிவம் நிரப்புகிறோம், திரும்பி வருகிறோம். இதெல்லாம் நேர விரயம், அந்த நேரத்தில் நீட் பி.ஜி.க்குப் படி என்கிறார்கள் சீனியர்கள். உண்மையில் இதில் கற்க ஏதாவது இருக்கிறதா?

பதில்:

உங்கள் சீனியர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சமூக மருத்துவத் துறையில் இருந்துகொண்டு பாகூர், கடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் பல ஆண்டுகளாக மாணவர்களை அழைத்துப்போகிறவன் நான். பத்து மணிக்கு வேனில் ஏறி, கோயில் வாசலில் இறங்கி, மூன்று வீட்டில் படிவம் நிரப்பி, குழுவாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குத் திரும்பினால் அதில் கற்க ஒன்றுமில்லைதான். அந்த வீட்டுக்காரர்களுக்கும் அதில் ஒரு பயனும் இல்லை. ஆனால் அதே வீட்டுக்கு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போகும்போது வார்டில் ஒருபோதும் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாணவரைக் கிராமத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பழையது. 1946இல் வந்த சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கையே, மருத்துவ மாணவருக்கு நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. 1975இல் மருத்துவக் கல்வி பற்றிய ஸ்ரீவஸ்தவா குழு, 1977இல் கல்லூரிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைக்கும் திட்டம் என்று அது தொடர்ந்தது. புதுச்சேரி ஜிப்மர், அங்கேயே இருக்கும் ராமநாதபுரம் என்ற ஊரில் கிராம சுகாதார மையமும் குருசுக்குப்பத்தில் நகர மையமும் வைத்து நடத்துவது இந்த வழியில்தான். குடும்பத் தத்தெடுப்பு மட்டும் புதிது, தேசிய மருத்துவ ஆணையம் 2022 வாக்கில் கொண்டுவந்தது. முதலாண்டிலேயே ஒரு மாணவருக்குச் சில குடும்பங்களை ஒப்படைத்து, அவர்களை மூன்றாண்டு விடாமல் பார்த்துவரச் சொல்கிறது. விடாமல் பார்ப்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. நடைமுறையில் முதலில் நழுவிப்போவதும் அதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு தனி ஆளின் கதையல்ல, இந்தப் பக்கம் திரும்பத் திரும்பப் பார்ப்பது. சர்க்கரை நோயாளிக்கு 'கிளிமிபிரைடு, காலை உணவுக்கு முன்' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்யும் அம்மா ஒருவர் விடியற்காலை ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புவார். மறந்துபோகக் கூடாதே என்று கிளம்பும்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்வார். சாப்பாடு தூக்கில் கொண்டுபோன கஞ்சி. அதைத் திறக்க ஒன்பதரை, பத்து ஆகும். நடுவில் நாலு மணி நேரம் வெறும் வயிறு, வெயில், குனிந்து கொட்டை பொறுக்கும் வேலை. சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிப்போய்க் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வரும். 'அந்த மாத்திரை ரொம்ப சூடு, நமக்கு ஒத்துக்கல' என்று அவராகவே நிறுத்திவிடுவார். சில மாதம் கழித்து ஓ.பி.க்கு வரும்போது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கும். அங்கே அவருக்குக் கிடைப்பது, 'மாத்திரைய ஒழுங்காப் போடறதில்லையா?' என்ற அதட்டல்.

இதைக் கண்டுபிடிக்க எம்.டி. பட்டம் வேண்டாம். ஆனால் முதல் தடவையிலேயே தெரியவும் தெரியாது. 'மாத்திரை போடறீங்களாம்மா?' என்று கேட்டால், 'போடறேம்பா' என்பார். வீடு தேடி வந்த பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல மனம் வராது. அடுத்த தடவை போய், 'அந்த அட்டைய எடுத்துட்டு வாங்கம்மா, பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கத் தேதியையும், எத்தனை குழி காலியாக இருக்கிறது என்பதையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிறகு காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எத்தனை மணிக்கு என்ன என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவது உங்கள் வேலையில்லை. இந்த நேரக் கணக்கை எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்தால் போதும். மாத்திரையைக் கஞ்சித் தூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகச் சொல்வதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் குப்பி நனையாமல் டப்பாவில் போட்டு வைக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, கடலூர் மாவட்டப் பக்கம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்த மாத்திரை பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். கல்லூரி வேன் வரும் பத்து மணிக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் இருப்பவர்கள் பாட்டிகளும் கைக்குழந்தைக்காரிகளும்தான். மற்ற பெண்கள் நடவுக்கோ களைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். ஆண்களைப் பார்க்கவே முடியாது. அதனால் மாணவர்களின் புள்ளிவிவரத்தில் ஊரே வயதான பெண்களால் ஆனதுபோல் வரும். மீனவக் குப்பங்களில் இன்னும் சிக்கல். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ பகலில் போனால், கடலுக்குப் போய் வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பினால் பார்க்கும் பிரஷர் அவருடைய கோபத்தின் அளவாகத்தான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வருடத்தில் அதைவிட நல்ல சமயம் கிடையாது. கல்லூரியில் அந்த மாதங்களில் தேர்வோ விடுமுறையோ வந்துவிடும் என்பது நம் துரதிர்ஷ்டம்.

பாடப்புத்தகத்து உடல் பரிசோதனையும் இங்கே கொஞ்சம் தடுமாறும். ரத்தசோகை பார்க்க நகத்தைப் பார், நாக்கைப் பார், கண் இமையின் உட்புறத்தைப் பார் என்று படித்திருப்பீர்கள். முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணின் விரலைப் பாருங்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்து, விரல் நுனி கறுத்து, நகமும் கறையேறிக் கிடக்கும். ரேஷன் கடை இயந்திரம் கைரேகையை எடுக்க மாட்டேன் என்கிறது என்று அவர்களே சொல்வார்கள். நாக்கோ வெற்றிலை போட்டுச் சிவந்திருக்கும். மிஞ்சுவது கண் இமை மட்டும்தான். இதை எந்த வார்டு ரவுண்ட்ஸிலும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரையை அவர் ஏன் நிறுத்தினார் என்பதற்கும் வீட்டில்தான் பதில் கிடைக்கும். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்திருப்பார். அல்லது வயிற்றைப் பிசைந்திருக்கும். அல்லது பால் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார், சத்து உடம்பில் சேர்ந்திருக்காது. கர்ப்பிணி என்றால் 'சத்து மாத்திரை சாப்பிட்டாப் பிள்ளை பெருத்துடும், ஆபரேஷன்ல கொண்டுபோய் விட்டுடும்' என்று மாமியார் சொல்லியிருப்பார். அந்த மாமியாரிடம் பேசாமல் மருமகளுக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு வருவது வீண்வேலை.

கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்ப்பதில் இந்தப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள்; பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு எல்லாம் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகச் செருகிக் கிடக்கின்றன. பேருந்தில் போகும்போது மாநிலம் மாறுவது தெரியாது, சாராயக் கடைப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். பாகூரில் பதிவுசெய்த பெண் வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்குக் குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். அவள் பெயர் இருப்பது ஒரு அரசின் பதிவேட்டில், அவள் இருப்பதோ இன்னொரு அரசின் செவிலியர் பார்வையில். ஏழாம் மாதம் லேசாக ஏறியிருந்த பிரஷர் புது இடத்தில் யாருக்கும் தெரியாது, அவள் கையிலிருக்கும் அட்டையில் எழுதியிருந்தால் ஒழிய. பல மாணவர்கள் இந்த இடத்தில் 'வீட்டில் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் தாய்வீட்டு விலாசமும் போன் நம்பரும் வாங்குங்கள். அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியர் யார் என்று கேட்டு, இந்தப் பிரஷரை அவர் காதில் போட்டுவிடுங்கள். ஒரு போன்தான். பிரஷர் முற்றி வலிப்பு வந்த பிறகு 108இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைவிட அது எவ்வளவோ லேசு.

காய்ச்சல். மழைக்காலம் தொடங்கி பனிக்காலம் முடியும்வரை இந்தப் பக்கம் ஸ்கிரப் டைபஸ் பரவலாக வரும். புதர்களில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டைபாய்டு என்று சொல்லி ஊசி மேல் ஊசி போட்டும் இறங்காத காய்ச்சலோடு வருவார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், மூளை என்று போகும். கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், அரைஞாண் கயிறு கட்டும் இடம் ஆகியவற்றில்தான் அது ஒளிந்திருக்கும். கூட்டமான ஓ.பி.யில் அங்கெல்லாம் யார் பார்க்கிறார்கள்? உங்கள் குழுவில் பெண் மாணவி இருந்தால், திண்ணையை விட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விறகு பொறுக்கப் போனீர்களா, கொல்லைப்பக்கம் எங்கே போகிறீர்கள் என்றும் கேளுங்கள். கழிப்பறை கட்டியும் அதில் விறகு அடுக்கியிருப்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

பாம்புக்கடியும் அப்படித்தான். கட்டுவிரியன் கடி வலிக்காது. ராத்திரி தரையில் படுத்திருந்தவரைக் கடிக்கும். விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்திருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் நன்றாகவே உறையும், ஏனென்றால் இது நரம்பைத் தாக்கும் நஞ்சு. உறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பினால் ஆள் போய்விடுவார். அந்தச் சோதனையைக் கண்ணாடிக் குழாயில்தான் செய்ய வேண்டும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருக்கக் கூடாது என்பதையும் அங்கே இருக்கும் லேப் டெக்னீஷியனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிவிட்டார்கள். நீங்கள் தத்தெடுத்த வீட்டில் எல்லோரும் தரையில் படுக்கிறார்களா, கொசுவலை இருக்கிறதா, நெல் மூட்டை படுக்கை ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வைப்பது எந்த விழிப்புணர்வுப் பேரணியையும்விட மேல். பேரணிகள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவைப்பதோடு சரி.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். வேன் எங்கே நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஊர்த்தெருவில், கோயில் பக்கம் அல்லது தலைவர் வீட்டருகே. மாணவர்களுக்கு ஒதுக்கும் குடும்பங்களும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பவைதான். காலனி அரை கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலைத் தாண்டி இருக்கும். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர் குடியிருப்புகள் இன்னும் தள்ளி, உப்பங்கழி ஓரத்தில். காசநோயும் எடை குறைந்த குழந்தைகளும் எங்கே அதிகம் என்பது செவிலியருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் குடும்பங்களை ஒதுக்கும்போதே, ஒன்றாவது காலனியிலிருந்து வேண்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள், கேட்க ஆள் இல்லாததால்தான் இப்படியே ஓடுகிறது. அங்கே போனால் காபி கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். நீங்கள் குடிக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கணக்கிடும் பி.ஜி. பிரசாத் அளவுகோலுக்காகத் தலைக்கு மாத வருமானம் எவ்வளவு என்று கேட்பீர்கள். வெள்ளைக் கோட்டு போட்டுப் பேப்பரோடு வருகிறவர் அரசாங்கத்து ஆள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டு மாறிவிடுமோ, உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்று பயம். அதனால் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாதம் மூவாயிரம் என்பார்கள். அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்காதீர்கள். மூன்றாம் தடவை போகும்போது, 'தானே' புயலில் முந்திரி மரங்கள் சாய்ந்த பிறகு எப்படிச் சமாளித்தீர்கள் என்று பேச்சைத் தொடங்கினால், 2011இலிருந்து இன்றுவரைக்கும் வாங்கிய கடன், அடகு வைத்த நகை, குழுவில் கட்டும் தவணை எல்லாம் தானாக வரும். மாத்திரைக்குக் காசில்லை என்பதன் அர்த்தம் அப்போதுதான் புரியும்.

நாட்டு வைத்தியத்தைக் கண்டதும் முகம் சுளிக்காதீர்கள். அக்கி வந்தால் செம்மண் குழைத்து மேலே எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகக் காய்ந்துவிடும் என்பதால் எழுதியதால்தான் போயிற்று என்று நம்புவதில் ஆச்சரியமில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காமல் வரச் சொல்லுங்கள். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பிரித்துச் சொல்கிறவரின் பேச்சை ஊர் கேட்கும். எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்பவர் வந்தால் அடுத்த தடவை வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

பயிற்சியில் உங்களுக்கு உண்மையான ஆசிரியர் கிராம சுகாதார செவிலியர்தான், புதுச்சேரிப் பக்கம் ஏ.என்.எம். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்த வீட்டில் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார், எந்தக் குழந்தைக்கு இரண்டாவது தட்டம்மை ஊசி விட்டுப்போயிற்று என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்வார். கடலூர்ப் பக்கம் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒரு புதன் முழுக்க அவரோடு இருங்கள். ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போவதிலிருந்து, போன தடவை ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தது என்று சண்டைக்கு வரும் அப்பாவைச் சமாதானம் செய்வது வரை பாருங்கள். அக்கா என்று கூப்பிடுங்கள். 'சிஸ்டர், அந்த ரிஜிஸ்டரைக் கொடுங்க' என்று அதிகாரம் செய்யும் மாணவருக்கு ரிஜிஸ்டர் மட்டும்தான் கிடைக்கும்.

நீட் பி.ஜி. பற்றிக் கேட்டீர்கள். சமூக மருத்துவத்திலிருந்து கணிசமான கேள்விகள் வரத்தான் செய்கின்றன, ஆனால் அவற்றுக்குக் கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை, புத்தகம் போதும். போனால் மதிப்பெண் கூடும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். நீங்கள் பின்னால் எலும்பு மருத்துவராகவோ கதிரியக்க நிபுணராகவோ ஆனால் இதில் பாதி உதவாமல்கூடப் போகலாம். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு என்று போனால் தினமும் உதவும். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் இருக்கிறது. அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக ஓ.பி. பார்க்க உட்காரும்போது, இரண்டாம் ஆண்டில் வீடு வீடாகப் போனவருக்கும் போகாதவருக்கும் வித்தியாசம் சீட்டு எழுதும் விதத்திலேயே தெரியும். போனவர் மாத்திரையின் பெயரை எழுதுவதற்கு முன்னால், 'எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீங்க?' என்று கேட்பார்.

நடைமுறையாகச் சில. பிரஷர் கருவியும் குளுக்கோமீட்டரும் கல்லூரி கொடுக்கும். ஸ்ட்ரிப் தீர்ந்துபோகும், கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பார்த்த அளவை வீட்டுக்காரரிடமும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், உங்கள் பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொண்டு வருவது திருட்டு மாதிரி. குடும்பத்தோடு போட்டோ எடுத்துக் கல்லூரிப் பக்கத்தில் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், அதுவும் நோய் தெரிகிற மாதிரி வேண்டவே வேண்டாம். மூன்றாண்டு முடியும்போது, உங்களுக்குப் பின்னால் வரும் ஜூனியரை அந்த வீட்டுக்கே அழைத்துப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். யாருக்கு என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, மகள் எந்த ஊரில் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஜூனியர் மறுபடியும் 'வீட்டுல எத்தனை பேரும்மா?' என்பதிலிருந்து தொடங்குவார்.